சுழி சொல்லாத வண்டி

ஒரகடம்
2 ஜூன் 2024

ஃபரூக் பாய்க்கு சுஃப்யானின் ஸலாம்.

இங்கே நான் சுகம். அங்கே நீ, ஜோஹரா பாபி, பிள்ளை காஷிஃபா மூன்று பேரும் சுகமாயிருக்க துஆ செய்கிறேன். வாணியம்பாடியில் அம்மியின் முட்டிவலி கூடவும் இல்லை, குறையவும் இல்லை. மூத்த மகனைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னார்கள்.

பெருநாளன்று போனில் நாம் போட்ட சண்டைக்குப் பிறகு பாபி போட்ட சட்டம் இது. "போன்ல பேசினா நீ கத்துற, அவர் கட் பண்றார். இனிமே எழுதுங்க. கை வலிச்சா வாய் குறையும்" என்றார்கள். எனக்குக் கை வலிக்காது. நாள் முழுக்க ரிப்போர்ட் எழுதுகிறவன் நான்.

விஷயத்துக்கு வருகிறேன். நான் ஆட்டோமொபைல் படித்தவன். வண்டிகளுக்குப் போகிற பாகங்களைச் சூட்டில் வைத்து, தண்ணீரில் நனைத்து, மிஷினில் போட்டுக் குலுக்கி, எப்போது சாகும் என்று பார்ப்பதுதான் என் வேலை. எனக்கு ஒரு அண்ணன். ஷூ கம்பெனி மூடியதும் மலைக்குக் குடும்பத்தோடு போய், ஊர் ஊராக நைட்டியும் கம்பளியும் விற்கிறவன். அவன் செகண்ட் ஹேண்டில் ஒரு குட்டி எஸ்யுவி வாங்குகிறான். தம்பியை ஒரு வார்த்தை கேட்கவில்லை. டயருக்கு ஒரு உதை, ஹாரனுக்கு ஒரு அழுத்து, வாங்கியாச்சு. மாட்டுக்குக்கூட பல்லைப் பிடித்துப் பார்ப்பார்கள் பாய்.

திட்டுவதற்காக இதை எழுதவில்லை என்று ஆரம்பிக்க நினைத்தேன். அதற்காகத்தான் எழுதுகிறேன், ஆனால் கேள்வியும் இருக்கிறது. ஏற்றத்தில் இழுவை குறைகிறதா? ஓடும்போது தானாக நின்றிருக்கிறதா? நின்றால் எவ்வளவு நேரம் கழித்து ஸ்டார்ட் ஆகிறது? ஆர்சி புக்கின் ஜெராக்ஸ் ஒன்றும் அனுப்பு.

'நல்லா கீது, சூப்பரா கீது' என்று எழுதினால் அதைப் பதிலாக எடுத்துக்கொள்ள மாட்டேன்.

பாபிக்கும் காஷிஃபாவுக்கும் ஸலாம்.
உன் தம்பி,
சுஃப்யான்


ஜமுனாமரத்தூர்
13 ஜூன் 2024

அன்புத் தம்பி சுஃப்யானுக்கு ஸலாம்.

அல்லாஹ் கிருபையில எல்லாரும் நல்லா இருக்கோம். நீ வேளைக்குச் சாப்பிடறியா? கேன்டீன் சாப்பாட்டைக் குறை சொல்லிட்டே ரெண்டு தட்டு தின்னுவியே, அப்படியே கண்டினியூ பண்ணு. உருதுல எழுதலாம்னு பார்த்தேன். உனக்குப் படிக்க வராது, எனக்கு எழுத மறந்து போச்சு.

வண்டி நல்லா கீது. சூப்பரா கீது.

கோவிச்சுக்காதே. வெள்ளை வண்டி ஊருக்குள்ள நுழைஞ்சா, ஊசி போட வந்துட்டாங்கன்னு நினைச்சுப் பொம்பளைங்க குழந்தையைத் தூக்கிட்டு வந்து வரிசையில நிக்கிறாங்க. பின்கதவைத் திறந்தா நைட்டி. சிரிச்சுட்டே வாங்கிடறாங்க. பைக்ல மூட்டை கட்டிட்டுப் போனப்போ இந்த வியாபாரம் இல்ல.

நீ கேட்டதுக்குப் பதில். ஏத்தத்துல எப்பவாச்சும் மூச்சு வாங்கும். ஓரங்கட்டிட்டு ஒரு டீ குடிச்சா தானா எழுந்துக்கும். செங்கம் ரங்கசாமி மெக்கானிக்கிட்ட காட்டினேன். பெட்ரோல்ல தண்ணின்னார், ஃபில்டர் மாத்தினார். அப்புறம் பேட்டரின்னார், அதையும் மாத்தினார். வயசான வண்டின்னா இதெல்லாம் இருக்கத்தான் செய்யும்.

இன்னொண்ணு சொல்றேன், உன் படிப்புக்கு இது தெரியாது. மலையிலருந்து ஆலங்காயம் இறங்கறப்போ நாங்க யாரும் இன்ஜினை ஓட விடறதில்ல. இறக்கம் ஆரம்பிச்சதும் நியூட்ரல் போட்டு, இன்ஜினை அணைச்சுடுவோம். ஸ்டீயரிங் பூட்டிக்காத அளவுக்குத்தான் சாவியைத் திருப்பறது. ஜீப் காலத்துலருந்து இங்க அப்படித்தான். கீழ போற வரைக்கும் ஒரு சொட்டு பெட்ரோல் செலவில்ல.

ஆர்சி ஜெராக்ஸ் இத்தோட வெச்சிருக்கேன். அம்மிக்கு மலைத்தேன் ஒரு பாட்டில் குடுத்து அனுப்பறேன்.

உன் நலம் விரும்பும் அண்ணன்,
ஃபரூக்


ஒரகடம்
20 ஜூன் 2024

ஃபரூக் பாய்க்கு ஸலாம். எல்லோரும் சுகம்தானே? நான் சுகமாயிருந்தேன், உன் கடிதம் வரும் வரை.

முதலில் சாவி. பாய், உனக்கு அறிவு இருக்கா? இன்ஜின் நின்றால் பிரேக்குக்குக் கிடைக்கும் உதவி போய்விடும். இரண்டு மிதி கேட்கும், மூன்றாவது மிதியில் பெடல் கல்லாகிவிடும். ஸ்டீயரிங்கும் இறுகும். உன் ஜீப்புக்கு இதெல்லாம் இல்லாமல் இருந்திருக்கலாம். இந்த வண்டியில் கியரில் வைத்து ஆக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தாலே இறக்கத்தில் பெட்ரோல் பாய்வது நின்றுவிடும். நீ மிச்சம் பிடித்தது ஒன்றும் இல்லை.

இப்போது பெரிய விஷயம். உட்கார்ந்து படி.

ஆர்சியில் இருந்த சேஸிஸ் நம்பரைக் கம்பெனி வலைத்தளத்தில் போட்டுப் பார்த்தேன். உன் வண்டி ரீகாலில் இருக்கிறது. அப்படியென்றால், 'இந்த வண்டிகளில் தப்பு செய்துவிட்டோம், திரும்பக் கொண்டு வாருங்கள், காசு வாங்காமல் மாற்றித் தருகிறோம்' என்று கம்பெனியே ஒத்துக்கொண்டது என்று அர்த்தம். தப்பு எங்கே என்றால், டேங்குக்குள் இருந்து இன்ஜினுக்குப் பெட்ரோலைத் தள்ளும் பம்ப்பில். உள்ளே சுற்றுகிற பிளாஸ்டிக் சக்கரம் ஊறிப் பெருத்துச் சிக்கிக்கொள்கிறது. இன்ஜின் செத்துவிடும். சூடு ஆறினால் சக்கரம் விட்டுக்கொடுக்கும், வண்டி எழுந்துவிடும். நீ டீ குடித்ததால் எழவில்லை பாய்.

ரங்கசாமி மாற்றிய ஃபில்டரும் பேட்டரியும் தண்டம். இறக்கத்தில் நீயே இன்ஜினை அணைத்துவிடுவதால், அது தானாக எத்தனை தடவை செத்தது என்று உனக்குத் தெரியவே தெரியாது.

கம்பெனியின் அறிவிப்பு முதல் சொந்தக்காரருக்குப் போயிருக்கிறது. அடுத்த மாதமே அந்த அறிவாளி வண்டியை விற்றுவிட்டார். அவர் புரோக்கர் தலையில் கட்டினார், புரோக்கர் உன் தலையில் கட்டினார். யாரும் வாயைத் திறக்கவில்லை.

திருப்பத்தூர் சர்வீஸ் சென்டரில் பேசினேன். "பார்ட்ஸ் இன்னும் வரல சார், வந்தா கூப்பிடறோம்" என்கிறான். அவன் கூப்பிட வேண்டாம், நான் தினமும் கூப்பிடுகிறேன். அதுவரை வண்டியை எடுக்காதே. சாவியைப் பாபியிடம் கொடு.

காஷிஃபாவை அதில் ஏற்றுகிறாயா? இதற்கு மட்டுமாவது பதில் எழுது.

சுஃப்யான்


ஒரகடம்
4 ஆகஸ்ட் 2024

ஃபரூக் பாய்க்கு ஸலாம். சுகம், சுகமறிய ஆவல் என்று எழுதுவது வழக்கம். ஆவல் எல்லாம் தாண்டிவிட்டது.

ஜூன் மாதம் எழுதின கடிதம் வந்ததா? அம்மியோடு போனில் மழையைப் பற்றிப் பேசினாயாம், பலாப்பழத்தைப் பற்றிப் பேசினாயாம். என் கடிதத்தைப் பற்றி மட்டும் பேசவில்லையாம். நான் கூப்பிட்டால் எடுக்க மாட்டேன் என்கிறாய். உன் வூட்டுச் சட்டம் உனக்கு வசதியாகிவிட்டது.

இங்கே நான் சும்மா இல்லை. "ரெண்டாவது ஓனர் விவரம் எங்க சிஸ்டம்ல இல்ல சார்" என்று சர்வீஸ் சென்டர்காரன் புதுசாக ஒரு பல்லவி ஆரம்பித்தான். வண்டி அதே வண்டி, பம்ப் அதே பம்ப். ஆர்சியில் பெயர் மாறினால் பிளாஸ்டிக் சுருங்கிவிடுமா என்று கேட்டேன். மேனேஜரிடம் பேசுங்கள் என்றான். மேனேஜர் மீட்டிங்கில் இருந்தார். மறுநாளும் மீட்டிங். ஒரு பம்ப் மாற்ற முடியாதவர்கள் அப்படி என்னதான் கூடிப் பேசுகிறார்களோ. விட மாட்டேன். இனி தினமும் ஒரு மெயிலும் போகும்.

ஒரே ஒரு வரி எழுது. வண்டி நிற்கிறதா, ஓடுகிறதா?

சுஃப்யான்


ஜமுனாமரத்தூர்
18 ஆகஸ்ட் 2024

அன்புத் தம்பிக்கு ஸலாம்.

நாங்க நல்லா இருக்கோம். உனக்குச் சளி பிடிச்சிருந்ததுன்னு அம்மி சொன்னாங்க, இப்போ தேவலையா? இங்க மழை நல்லா பிடிச்சுடுச்சு. சாமைக் கொல்லையெல்லாம் பச்சை. ஜோஹரா தையல் மெஷின் போட்டிருக்கா, நைட்டிக்கு அவளே பாக்கெட் வெச்சுத் தைக்கிறா. பாக்கெட் வெச்ச நைட்டிக்கு இங்க அடிதடி. காஷிஃபா ஸ்கூல்ல கோகோ டீம்ல சேர்ந்திருக்கா.

வண்டி விஷயம் முடிஞ்சுது. நீ அந்த சர்வீஸ்காரனோட மல்லுக்கட்டிட்டு இருக்க வேணாம். இப்போதைக்கு பஸ்ல சரக்கு ஏத்தறேன். அப்புறமா ஒரு லோடு ஆட்டோ பார்க்கணும்.

உடம்பைப் பார்த்துக்கோ. வெயில்ல அலையாதே.

அண்ணன்,
ஃபரூக்


ஜமுனாமரத்தூர்
24 ஆகஸ்ட் 2024

சுஃப்யானுக்கு ஜோஹரா பாபி எழுதுவது. அஸ்ஸலாமு அலைக்கும். நீ சுகமா? நாங்க இருக்கோம்.

உங்க அண்ணன் உனக்கு எழுதினதை நான்தான் போஸ்ட் பாக்ஸ்ல போட்டேன். ஒட்டாம குடுத்தார், படிச்சேன். முடிஞ்சுதுன்னு எழுதியிருக்கார். எப்படி முடிஞ்சுதுன்னு எழுதல. போன்ல சொன்னா நீ அந்த நிமிஷமே கத்துவே. அதான் எழுதறேன்.

ஜூலையில அம்மியைப் பார்த்துட்டுத் திரும்பி வந்தோம். ஆலங்காயம் தாண்டி ஏத்தத்துல, ஒரு வளைவுல வண்டி நின்னுடுச்சு. நின்னது மட்டுமில்ல, பின்னால உருள ஆரம்பிச்சுது. அவர் மிதிமிதின்னு மிதிக்கிறார், பிரேக் பிடிக்கல. பக்கத்துல பள்ளம். ஸ்டீயரிங்கை ரெண்டு கையால பிடிச்சுத் தொங்கி மலைப்பக்கம் ஒடிச்சார். பின்சக்கரம் வாய்க்கால்ல இறங்கி நின்னுச்சு. காஷிஃபா முன்சீட்டுல மோதி உதடு கிழிஞ்சுது. தையல் போட்டாங்க. அம்மிக்குத் தெரியாது.

அன்னையிலருந்து அவர் காஷிஃபாவை அந்த வண்டிப் பக்கம் விடல. கதவுகூட திறக்க விடல. உன் ஜூன் மாசக் கடிதம் அவர் சட்டைப் பையிலேயே இருந்துச்சு. துவைக்கிறப்போ எடுத்து வெச்சேன்.

போன வாரம் சந்தையில வண்டியை வித்துட்டார். முனிசாமி அண்ணன் வாங்கினார். மாடு வாங்கி விக்கிறவர், நல்ல மனுஷன். உள்ளே இருக்கிற ஊர்லருந்து ஆளுங்களை ஏத்திட்டுப் போய் வர வண்டி வேணும்னு சொல்லிட்டு இருந்தார். அவர் பொண்ணு புவனா திருப்பத்தூர்ல நர்ஸிங் படிக்குது, அதையும் கொண்டுபோய் விட்டு வரலாம்னு ஆசை. மாட்டு பேரம் மாதிரியே துண்டைப் போட்டு, உள்ள விரலைப் பிடிச்சு விலை பேசினாங்க. உங்க அண்ணன் பம்ப் பத்தி ஒரு வார்த்தை சொல்லல.

வூட்டுக்கு வந்து கேட்டேன். "நம்மகிட்ட யாராச்சும் சொன்னாங்களா?"ன்னார். அப்புறம் சாப்பிடல.

இங்க சந்தையில ஒரு முறை இருக்கு. மூணு சந்தைக்குள்ள குத்தம் தெரிஞ்சா, வாங்கினவர் திருப்பிக் குடுக்கலாம். குத்தம் தெரிஞ்சாத்தானே? நான் போய்ச் சொன்னா புருஷனைக் காட்டிக் குடுத்தவ. நீ சொன்னா வண்டி படிச்சவன் சொன்னது. முனிசாமி அண்ணன் ஊர்ல டவர் கிடையாது. எழுதி எனக்கு அனுப்பு, நான் கையில குடுத்துடறேன்.

பாபி,
ஜோஹரா


ஒரகடம்
28 ஆகஸ்ட் 2024

முனிசாமி அண்ணன் அவர்களுக்கு வணக்கம்.

நீங்களும் வீட்டில் எல்லோரும் நலமாக இருக்க வேண்டும். நான் ஃபரூக் பாயின் தம்பி சுஃப்யான். நாம் பார்த்ததில்லை. வண்டிப் பாகங்களைச் சோதனை செய்கிற இடத்தில் வேலை செய்கிறேன். சுற்றி வளைக்காமல் எழுதுகிறேன், தப்பாக நினைக்காதீர்கள்.

என் அண்ணன் உங்களுக்கு விற்ற வண்டி ஓடும்போது தானாக நின்றுவிடும். ஏற்றத்தில் நின்றால் பின்னால் உருளும். பிரேக் இரண்டு மிதிக்குத்தான் கேட்கும். ஜூலை மாதம் அப்படி நடந்து, என் அண்ணன் மகளுக்கு அடிபட்டது. டேங்குக்குள் இருக்கிற பம்ப்பில் தப்பு. கம்பெனியே ஒத்துக்கொண்டு, வண்டிகளைத் திரும்பக் கூப்பிட்டிருக்கிறது. ஆனால் பார்ட்ஸ் வரவில்லை என்று இழுத்தடிக்கிறார்கள். இதெல்லாம் என் அண்ணனுக்குத் தெரியும். தெரிந்துதான் விற்றார்.

தயவுசெய்து அந்த வண்டியில் யாரையும் ஏற்றாதீர்கள். உங்கள் மகளை நிச்சயமாக ஏற்றாதீர்கள். சந்தையில் ஒரு முறை இருப்பதாகச் சொன்னார்கள். அதை நீங்கள் என்னைவிட நன்றாக அறிவீர்கள்.

இதன் நகல் என் அண்ணனுக்கும் போகிறது.

இப்படிக்கு,
சுஃப்யான்

(அண்ணனுக்குப் போன நகலின் அடியில்)

பாய், உன் முதுகுக்குப் பின்னால் எழுதவில்லை, அதனால்தான் நகல். உன் பெண் ஏறாத வண்டியில் அவர் பெண் ஏறலாமா? முதல் ஓனரை நான் அறிவாளி என்று எழுதினேன், ஞாபகம் இருக்கிறதா? அந்த வரிசையில் நீ நிற்பதை என்னால் பார்க்க முடியாது. என்னோடு பேசாமல் போனாலும் சரி.


ஜமுனாமரத்தூர்
9 செப்டம்பர் 2024

தம்பி சுஃப்யானுக்கு முனிசாமி வணக்கம். நல்லா கீறீங்களா? எங்க வூட்ல எல்லாரும் சொகம். மாடு கண்ணு சொகம்.

உங்க கடுதாசி ஜோஹராம்மா கையில குடுத்தாங்க. அன்னையோட வண்டியைப் புளியமரத்தடியில நிறுத்திட்டேன். அதுக்கு முந்தி புவனாவை ஒரு தரம் ஏத்திட்டுப் போய் வந்துட்டேன். இப்போ அதை பஸ்லதான் அனுப்பறேன்.

மாட்டுக்கு ஒடம்புல முடி சுழிச்சிருக்கிறதைப் பார்த்து நல்லது கெட்டது சொல்லுவோம். அது நம்பறவங்களுக்கு. ஆனா முட்டுமா, ஒதைக்குமா, பால் மறுக்குமான்னு வித்தவன் வாயைத் தொறந்து சொல்லணும். அதையும் நாங்க சுழி சொல்றதுன்னுதான் சொல்றது. சொல்லாம வித்தா மூணு சந்தைக்குள்ள கயித்தோட திருப்பி ஓட்டியாந்து கையில குடுத்துடலாம். இன்னா ஏதுன்னு கேள்வி கெடையாது.

மூணாவது சந்தை நேத்து. வண்டியை எங்க மச்சான் டிராக்டர்ல கட்டி இழுத்துட்டு வந்தேன். சாவியில ஒரு முழம் கயிறு கட்டி, நடுச்சந்தையில உங்க அண்ணன் கையில வெச்சேன். சுத்தி நின்னவங்க, "இன்னா முனிசாமி, வண்டி முட்டுதா ஒதைக்குதா?"ன்னு கேட்டாங்க. "நடக்கறப்போ படுத்துக்குது"ன்னேன். சிரிச்சாங்க. பாய் சிரிக்கல. குடுத்ததைத் திருப்பிக் குடுத்தார், என் மொகத்தைப் பார்க்கல. எனக்கு அதுல சந்தோஷம் இல்ல தம்பி. ஆனா முறை முறைதான்.

கம்பெனிக்காரன் வண்டியைத் திரும்பக் கூப்பிடறான்னு எழுதினீங்க. எங்க சந்தையிலயும் அதே கதைதான். ஆனா இங்க வித்தவன் எவனும் பார்ட்ஸ் வரலன்னு சொல்லிட்டு உள்ள போய் உக்காந்துக்க முடியாது.

நேர்ல வந்தா வூட்டுக்கு வாங்க. சாமைச் சோறு சாப்பிட்டுப் போகலாம்.

முனிசாமி


ஜமுனாமரத்தூர்
22 செப்டம்பர் 2024

சுஃப்யானுக்கு ஸலாம். எல்லாரும் சுகம். காஷிஃபா உதட்டுல தழும்பு லேசா தெரியுது. இதை முன்னாடியே எழுதியிருக்கணும்.

உன் மேல ரொம்ப கோவமா இருந்தேன். கடிதம் எழுதிக் கிழிச்சேன். நகல் வேற அனுப்பறான் பாரு, கோர்ட் நோட்டீஸ் மாதிரின்னு ஜோஹராகிட்ட கத்தினேன். "கத்தாதீங்க, எழுதுங்க"ன்னா.

நடுச்சந்தையில முனிசாமி கயிறு கட்டின சாவியை நீட்டினப்போ பூமிக்குள்ள போய்டலாம் போல இருந்துச்சு. என்கிட்ட நைட்டி வாங்கற பொம்பளைங்க எல்லாம் நின்னு பார்க்கிறாங்க. ஒரு வாரம் சந்தைப் பக்கம் போகல. அப்புறம் யோசிச்சேன். நான் செஞ்சதுக்கு நான் தலை குனிஞ்சாச்சு. இந்த பம்ப்பைச் செஞ்சவன் எங்க குனிஞ்சான்? மீட்டிங்ல உக்காந்திருக்கான்.

இன்னைக்குச் சந்தை. நைட்டி வந்த அட்டைப்பெட்டியைக் கிழிச்சு மார்க்கர்ல பெருசா எழுதினேன். 'இந்த வண்டி விற்பனைக்கு இல்லை. ஓடும்போது நிற்கும். கம்பெனிக்கே தெரியும். இதே மாடல் வைத்திருப்பவர்கள் என்னைப் பார்க்கவும்.' எழுதி, டிராக்டர்ல இழுத்துட்டு வந்த வண்டி கண்ணாடியில மாட்டி, சந்தை வாசல்லயே நிறுத்திட்டு, பின்கதவைத் திறந்து வெச்சு நைட்டி வித்தேன். வண்டி ஓடாட்டி இன்னா, கடை ஓடுது.

முதல்ல ரேணுகாதேவி டீச்சர் வந்தாங்க. அவங்க வண்டியும் இதே மாடல். ஏத்தத்துல நிக்குது, பெட்ரோல்ல தண்ணின்னு சொன்னாங்களாம். அப்புறம் புளி வியாபாரி லட்சுமணன். அவருக்கும் பெட்ரோல்ல தண்ணி. பின்னாலயே இன்னும் ரெண்டு பேர். நாங்க எல்லாரும் சேர்ந்து அந்த பெட்ரோல் பங்க்காரரைத் திட்டிட்டு இருந்திருக்கோம், பாவம். எல்லாரும் இறக்கத்துல இன்ஜினை அணைக்கிறவங்க. டீச்சரும்தான். நீ எழுதினதைச் சொன்னேன். டீச்சர்தான் முதல் ஆளா போய் ஆர்சி புக்கைக் கொண்டாந்தாங்க.

எல்லார் சேஸிஸ் நம்பரும் இத்தோட இருக்கு. நீ இன்னா பண்ணுவியோ பண்ணு. இந்தத் தடவை நான் கடிதத்தைப் பைக்குள்ள வெச்சுக்க மாட்டேன்.

அண்ணன்,
ஃபரூக்


ஒரகடம்
29 செப்டம்பர் 2024

ஃபரூக் பாய்க்கு ஸலாம். சுகமாயிருக்கிறேன், உண்மையாகவே.

நம்பர்கள் எல்லாவற்றையும் போட்டுப் பார்த்தேன். ஒன்று விடாமல் ரீகாலில் இருக்கின்றன. அத்தனை பேர் பெயரிலும் சேர்த்து ஒரே புகார் எழுதி, கம்பெனி தலைமை அலுவலகத்துக்கும் வண்டிப் பாதுகாப்பைப் பார்க்கும் அரசு அலுவலகத்துக்கும் அனுப்பிவிட்டேன். உன் அட்டையின் போட்டோவைப் பாபி அனுப்பியிருந்தார்கள். அதையும் இணைத்தேன். என் நாலு பக்க டெக்னிக்கல் விளக்கத்தை விட அந்த அட்டைதான் வேலை செய்தது. மறுநாளே போன் வந்தது. மேனேஜருக்கு மீட்டிங் முடிந்துவிட்டது போலிருக்கிறது.

இனிதான் கவனமாக இருக்க வேண்டும். 'திருப்பத்தூருக்கு ஓட்டி வாருங்கள், பார்க்கிறோம்' என்பார்கள். யாரும் இறங்கக் கூடாது. 'நடுவில் நிற்கும் என்று நீங்களே சொன்ன வண்டியை மலையிறங்கி ஓட்டி வரச் சொல்கிறீர்கள், இதைக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்' என்று கேள். தர மாட்டார்கள். அவர்களே மேலே வரட்டும். பம்ப்போடு வரட்டும்.

மாற்றிய பிறகு டேங்கை நிரப்பி, யாரையும் ஏற்றாமல் ஒரு தடவை முழு ஏற்றமும் நீயே ஏறிப் பார். அதற்கு அப்புறம்தான் மற்றவர்கள்.

முனிசாமி அண்ணனுக்கு எழுதியதற்காக நான் வருத்தப்படவில்லை. உனக்கு வலித்தது என்பதற்கு மட்டும் கொஞ்சம்.

காஷிஃபாவின் தழும்புக்கு டாக்டர் தரும் மருந்தைத் தடவு. யார் சொல்லியும் மஞ்சள் வைக்காதே.

சுஃப்யான்


ஜமுனாமரத்தூர்
17 நவம்பர் 2024

அன்புத் தம்பி சுஃப்யானுக்கு ஸலாம்.

எல்லாரும் நல்லா இருக்கோம். அம்மி இங்க வந்திருக்காங்க. முட்டிவலியோட மலை பார்க்கணும்னு ஒரே பிடிவாதம். உன்னைக் கேட்டாங்க, லீவு போட்டு வரச் சொன்னாங்க.

நீ சொன்ன மாதிரியேதான் நடந்துச்சு. ஓட்டி வாங்கன்னான், கையெழுத்துக் கேட்டோம், ஆளே பேசல. அப்புறம் ஒரு சந்தையன்னைக்கு வேன்ல ஒரு ஆபீஸரும் ரெண்டு மெக்கானிக்கும் வந்தாங்க. வந்தவர் கையில ஒரே ஒரு பம்ப். என் வண்டிக்கு மட்டும்தானாம். மத்ததெல்லாம் எப்போன்னு சொல்ல முடியாதாம். அட்டையை மட்டும் முதல்ல எடுத்துடுங்க சார்னு கெஞ்சறார். பம்ப்பைவிட அட்டைதான் அவருக்கு அவசரம்.

மாட்டினாங்க. கிளம்பப் பார்த்தாங்க. ரேணுகாதேவி டீச்சர் அவங்க வண்டியைக் கொண்டாந்து வேனுக்குக் குறுக்கே நிறுத்தினாங்க. "சார், என் வண்டி நின்னுடுச்சு, உங்க பம்ப்தான்"னாங்க. சாவி அவங்க ஹேண்ட்பேக்ல. சந்தையே கூடிடுச்சு. அப்போ முனிசாமி வந்தார். தோள்ல கிடந்த துண்டை எடுத்து ஆபீஸர் கை மேல போட்டு, உள்ள விரலைப் பிடிச்சுட்டார். அந்த மனுஷன் ஒண்ணும் புரியாம முழிக்கிறார். "ஒரு விரல் ஒரு வாரம் சார். பிடிச்ச விரல்தான் பேச்சு"ன்னார் முனிசாமி. அவர் கையை இழுக்க, இவர் விட மாட்டேங்க, கடைசியில முனிசாமி துண்டை எடுத்து உதறி, "ரெண்டு வாரம். ஐயா ஒத்துக்கிட்டார்"னு சத்தமா சொன்னார். சந்தையில துண்டுக்குள்ள பேசினதை யாரும் மாத்த முடியாது. ஆபீஸருக்கு அது தெரியாது. ஆனா சுத்தி நின்னவங்க மூஞ்சியைப் பார்த்துத் தெரிஞ்சுக்கிட்டார். ரெண்டு வாரத்துல பெட்டியோட வந்து எல்லாருக்கும் மாட்டிட்டுப் போனாங்க.

நீ சொன்னபடி நான் தனியா ஏறிப் பார்த்தேன். நிக்கல. அந்த வளைவுல மட்டும் எனக்குத்தான் நெஞ்சு நின்னு ஓடுச்சு.

இன்னைக்குச் சந்தையில முனிசாமிகிட்ட நானே போனேன். "அண்ணே, வண்டி வேணுமா? இந்தத் தடவை சுழி சொல்லி விக்கிறேன்"னேன். எல்லார் முன்னாலயும் சொன்னேன். பம்ப் புதுசு. கிளட்ச் கனம். ஏசி போட்டா இடது கால்ல தண்ணி சொட்டும். பின்பக்க வலது கதவு வெளியிலருந்துதான் திறக்கும். வாய்க்கால்ல இறங்கினதுல அடியில ஒரு நசுங்கல். என் பொண்ணு உதடு கிழிஞ்ச வண்டி. பம்ப் கதை தெரிஞ்சும் உங்களுக்குச் சொல்லாம வித்த வண்டி.

முனிசாமி எல்லாத்தையும் கேட்டார். இன்ஜினைப் பார்க்கல, டயரை உதைக்கல. "பாய், உங்க பொண்ணை ஏத்துங்க. அது ஏறினா எம்பொண்ணு ஏறும்"னார்.

நான் ஜோஹராவைப் பார்த்தேன். அவ காஷிஃபாவைப் பார்த்தா. காஷிஃபா நேரா போய்ப் பின்கதவைத் திறந்து ஏறிட்டா. பக்கத்துல புவனா ஏறுச்சு. முனிசாமி முன்னால உக்காந்தார். ஆலங்காயம் வரைக்கும் போய் வரதுன்னு கிளம்பினோம். ரெண்டு பொண்ணுங்களும் பின்னால கோகோ கதை பேசிட்டு வருதுங்க.

இறக்கம் ஆரம்பிச்சுது. சத்தியமா சொல்றேன் சுஃப்யான், நான் நினைக்கவே இல்ல. இத்தனைக்கும் அப்புறம், என் கை தானா நியூட்ரல் போட்டுட்டுச் சாவிக்குப் போச்சு.

பின்னாலருந்து காஷிஃபா எட்டி அடிச்சா பாரு ஒரு அடி, விரல் முட்டியில. "சித்தப்பாவுக்கு எழுதிடுவேன்"னா.

முனிசாமி அவ்வளவு நேரமும் பாறை மாதிரி உக்காந்திருந்தவர், அதைக் கேட்டு இருமி இருமிச் சிரிச்சார். கீழ போய், மறுபடி ஏறி, அந்த வளைவையும் தாண்டி வந்தோம். சந்தையில இறங்கினதும் துண்டை எடுத்தார். அடிபட்ட அதே கையைத்தான் உள்ள நீட்டினேன். மெதுவாத்தான் பிடிச்சார்.

விரல் இன்னும் வீங்கித்தான் இருக்கு. எழுத்து கோணலா இருந்தா அதுதான் காரணம். ஜோஹரா சொன்னது சரிதான், எழுதினா கை வலிக்குது.

உன் அண்ணன்,
ஃபரூக்